கார்த்திக் போடாத ட்ரை

ஏப்ரல் 16, 2019. செவ்வாய். மழை, விட்டு விட்டு.

இல்லை, நான் ஆளை மாற்றிப் பார்க்கவில்லை. கார்த்திக்தான். ஞாயிற்றுக்கிழமை பேர்ண் கோயிலில், வருடப்பிறப்புச் சனத்துக்குள், மோர் வாளியோடு நின்றவர். அம்மாவின் கோப்பையில் இரண்டு தரம் ஊற்றினார். "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்?" நேரம் மதியம் இரண்டு தாண்டி. ரயிலுக்கு அம்மாவை அவசரப்படுத்திக்கொண்டு நின்றதால் நேரம் நினைவிருக்கிறது.

இன்றைய வேலை: இந்த சீசனின் ஆட்டத் தாள்களைக் கழகத்தின் கோப்பில் ஏற்றுவது. கடைசித் தாள், ஞாயிறு 14, எதிரணியின் மைதானம், பர்கண்டிப் பக்கம். தொடக்கம் 15.00. இலக்கம் 22: கார்த்திக். 48ஆம் நிமிடம் உள்ளே. 61ஆம் நிமிடம் ட்ரை, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ஐந்து புள்ளி.

பேர்ணில் மோர். ஒரு மணி நேரத்தில் பர்கண்டியில் மைதானம். காரில் என்றாலும் இரண்டரை மணி நேரம். இரண்டு தரம் கணக்குப் பார்த்தேன்.

பிற்காலத்தில் வாசிக்கும்போது மறந்திருப்பேன், ஆகவே: கழகம் சுவிஸில், எங்கள் ஊரில். ஆடுவது பிரெஞ்சு றக்பிச் சம்பியன்ஷிப்பில், அதன் கீழ்ப்பிரிவு ஒன்றில். எல்லைக்கு இந்தப் பக்கம் மோத ஆள் போதாது. கழகத்தில் தமிழர் மூன்று பேர். தம்பி கஜன், இருபத்தொரு வயது, முதல் அணி. கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர், மருந்துக் கம்பனியில் மென்பொருள் வேலை, இரண்டாம் அணி, அதிலும் பாதி நாள் மாற்று ஆளாக வாங்கில். நான், ஆட்டத் தாள் எழுதுபவள். டேப்லெட்டும் நானும். எங்கள் மைதானத்து ஆட்டங்களுக்கு மட்டும். "நீயும் போ, அவனைப் பார்த்துக்கொள்" என்று அம்மா அனுப்பியதில் தொடங்கியது.

கார்த்திக்குக்குத் தாடி. கஜனுக்கு இல்லை. கார்த்திக் அரை அடி கட்டை.

ஏன் உடனே கஜனை நினைத்தேன்? யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லையே.

ஏப்ரல் 17, புதன். மப்பு.

ஏன் என்றால் நீல அட்டை.

ஏப்ரல் 7, எங்கள் மைதானம். ஒருவனை மடக்க விழுந்தான் கஜன், அவன் முழங்கால் இவன் பக்கத் தலையில். எழும்பினான். எழும்பிப் போய் எதிரணியின் வரிசையில் நின்றான். சிலர் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. நீல அட்டை: தலையில் அடி என்ற சந்தேகம். சந்தேகம் போதும், நிரூபிக்கத் தேவையில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவன் விளையாட்டு லைசென்ஸ் பூட்டு. மருத்துவரின் சான்று ஏறும்வரை அவன் பெயரை டேப்லெட் ஏற்காது. அன்று அந்த அட்டையைப் பதிந்ததும் நான்தான்.

மருத்துவரிடம் போனாயா என்றால் "ஓம் ஓம்." எந்த மருத்துவர் என்றால் "அங்கை ஒராள்."

பத்து நாளில் கவனித்தவை:
- குசினியில் கறுப்புக் கண்ணாடி.
- பால் பெட்டி தட்டு அலுமாரிக்குள். ஒரு தரம்.
- அம்மாவின் வேலை நேரத்தை ஒரே காலையில் இரண்டு தரம் கேட்டது.
- மாத்திரைப் பட்டை: திங்கள் ஏழு, இன்று மூன்று. (ஆம், எண்ணினேன்.)
- பேருந்தில் போன் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறான்.

அம்மாவிடம் வேறு பட்டியல்.

"அவனுக்கு ஆரோ பெட்டை," என்றார், வெங்காயம் உரித்துக்கொண்டு. "அறையைப் பூட்டுறான். சாப்பாடு வேண்டாமாம். வெளிச்சம் வேண்டாமாம். எனக்கென்ன தெரியாதோ."

"பெட்டை இல்லை அம்மா."

"அப்ப உனக்குத் தெரியும். சொல்லு."

"ஞாயிறு மோர் ஊத்தினது கார்த்திக்தானே?"

"ஆர் கார்த்திக்?" கத்தி நின்றது. "பிள்ளை, நீயுமோ?"

இந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம்.

இந்தக் கொப்பி தமிழில். கஜனுக்குப் பேச வரும், வாசிக்க வராது. என் கையெழுத்தைப் பார்த்தால் ஜிலேபி என்பான். ஒளித்து வைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒளித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 18, வியாழன். வெயில்.

பயிற்சிக்கு முன்னால் ஜெரோமைப் பிடித்தேன். பயிற்சியாளர், பிரெஞ்சுக்காரர், கூம்புகளைப் புல்லில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ஒரு பிழை என்றேன். 22.

"என்ன பிழை?"

"கார்த்திக் அன்று பேர்ணில் நின்றார். நான் கண்டேன்."

நிமிரவில்லை. ஒரு கூம்பு, இன்னொரு கூம்பு.

"பேர்ணில் உங்கள் ஆட்கள் நிறைய இல்லையா?" என்றார். கோபமாக அல்ல, உதவி செய்கிற குரலில். "விழா நாள். கூட்டம். யாரையாவது கண்டிருப்பாய்."

அதாவது, எனக்கே எங்களுக்குள் ஆள் அடையாளம் தெரியாது.

திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மூன்று பதில் வந்தது, மூன்றும் நல்ல பதில். அதைவிட மோசம்: கொஞ்சம் நம்பிவிட்டேன். மோர் வாளி, தாடி, "ஆன்ட்டி". கோயிலில் அப்படி எத்தனை பேர்?

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி. விடுமுறை. நல்ல வெயில்.

காலை. பர்கண்டியின் உள்ளூர்ப் பத்திரிகை, இணையத்தில், விளையாட்டுப் பக்கம். படம் கிடைத்தது. இலக்கம் 22, கோட்டுக்கு மேலே பாய்கிறான். தலையில் கறுப்பு மெத்துத் தொப்பி, இங்கே காஸ்க் என்பார்கள். முகம் பாதி புல்லுக்குள். கீழே கார்த்திக்கின் பெயர், எழுத்துப் பிழையோடு.

பந்து இடக்கையில். காலுறை இறங்கிய கெண்டைக்காலில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. அப்போது கஜனுக்கு நான்கு வயது. பெட்டியை நிலத்தில் வைத்தது நான்.

கஜன் பல்கனியில், நிழல் பக்கமாய்க் கதிரையைத் திருப்பி.

"நல்ல ட்ரை," என்றேன்.

"எந்த ட்ரை?"

"இடக்கையாலை வைச்சது."

கதிரையை இன்னும் நிழலுக்குள் இழுத்தான். கீழே யாரோ கார் கழுவும் சத்தம்.

"ஆர் சொன்னது?"

"உன்ர கால்."

சிரித்துவிட்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான், பெருமையாக, ஏதோ நல்ல படத்தின் கதை சொல்வது போல. ஜெரோமின் யோசனைதான். லைசென்ஸ் பூட்டு, ஆனால் கார்த்திக்கின் லைசென்ஸ் திறந்துதானே கிடக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொருவராய்ப் படத்தையும் முகத்தையும் ஒப்பிடுவார்.

"படத்தைப் பார்த்தார் அக்கா. என்னைப் பார்த்தார். 'நல்லா விளையாடு' எண்டார். கார்த்திக் அண்ணைக்குத் தாடி. எனக்கு மயிர் கூட இல்லை. அதையும் பார்க்கேல்லை."

"வெக்கமில்லையோ?"

"எனக்கோ, அவருக்கோ? சின்ன வகுப்பிலை ரீச்சர் வருசம் முழுக்க என்னை ரமேஸ் எண்டு கூப்பிட்டவ. ரமேஸ் வேற பெடியன். நீ வீட்டை வந்து அழுதனி, நான் அழேல்லை. இப்ப ஒருக்கா எங்களுக்கு உதவியிருக்கு. சிரியன்."

நான் சிரித்தேன். இன்று எழுத வேண்டியது இதுதான். சிரித்தேன்.

பிறகுதான் கேட்டேன், "தலை?"

"தலை நல்லா இருக்கு."

"அப்ப டொக்டரிட்டைப் போ."

"போனால் ஆறு கிழமை எண்டுவினம். இருபத்தெட்டாந் திகதி தோத்தால் வீடு. வெண்டால் மேல் பிரிவுக்கு வழி. இந்தக் கழகம் ஒருநாளும் போகேல்லை."

"இன்னொரு அடி பட்டால்?"

"படாது."

"கஜன், வாசிச்சனான். முதல் அடி ஆறுறதுக்கு முந்தி ரெண்டாவது பட்டால் ஆள் எழும்பாமலும் விடலாமாம்."

"நீ எல்லாத்தையும் வாசிப்பாய்," என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டான்.

ஏப்ரல் 22, திங்கள். ஈஸ்டர் விடுமுறை. காற்று.

கார்த்திக். ரயில் நிலையக் கோப்பிக் கடை. அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம், சொல்ல வேண்டும் என்ற நினைப்போடு போனேன். எப்படித் தொடங்குவது என்று ரயில் பாதையைப் பார்த்தபடி ஒத்திகை.

"ட்ரை விஷயமா?" என்றார், நான் உட்கார முன்பே.

தெரியும். அவருக்குப் போன திங்கட்கிழமையே தெரியும். பத்திரிகை இணைப்பை வேலையிடத்தில் ஒருவர் அனுப்பினாராம், வாழ்த்துகளோடு.

"முதல்ல மிஸ்டேக்னு நினைச்சேன். கோச் அந்த வாரம் நீ வர வேண்டாம்னு சொன்னாரு, நானும் பேர்ண் போயிட்டேன். அப்புறம் போட்டோ பாத்தேன். உங்க தம்பி கால் எனக்குத் தெரியாதா? பிராக்டிஸ்ல அந்தக் காலத்தானே தொரத்திட்டு இருக்கேன்."

"ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

சீனிப் பொட்டலத்தை மடித்தார். விரித்தார். மடித்தார்.

"அப்பாவுக்கு அனுப்பிட்டேன்."

"என்னத்தை?"

"லிங்க்க. சும்மா, ஒரு ஜாலிக்கு. என் பேரு பிரெஞ்சு பேப்பர்ல, பாருங்கன்னு. அவரு பிரிண்ட் எடுத்து ஆபீஸ்ல ஒட்டிட்டாரு. ரிட்டயர் ஆகப் போறாரு, ஜூன்ல. இப்ப டெய்லி கேக்கறாரு, அடுத்த மேட்ச் எப்போன்னு." கொஞ்சம் சிரித்தார். "ரெண்டு வருஷமா ஆடறேங்க. ஒரு ட்ரை கூட போட்டதில்ல."

பிறகு தாழ்ந்த குரலில், சுவிஸில் தங்குவதற்கான பெர்மிட் பற்றி. அவருடையது ஜூலையில் புதுப்பிக்க வேண்டும். கள்ள லைசென்ஸ் என்று எங்காவது எழுதப்பட்டால் அவர் பெயர்தான் நிற்கும். உண்மையான பயம். ஆனால் அதை இரண்டாவதாகத்தான் சொன்னார், கவனித்தேன்.

"இருபத்தெட்டு நீங்களே வாங்கோ," என்றேன். "உங்கட லைசென்ஸ், உங்கட முகம். நீங்கள் நிண்டால் அவன் நிக்கேலாது."

"பாக்கலாங்க."

எழுந்து போகும்போது திரும்பி, "தலைல அடி, சீரியஸா?" என்றார்.

அதை முதலில் கேட்கவில்லை யாரும். நான் உட்பட.

ஏப்ரல் 24, புதன். மழை.

அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் அல்ல. தலையில் அடிபட்டது, மறைக்கிறான் என்று மட்டும்.

அம்மா உடனே எழுந்து அவன் அறைக்குப் போனார். நல்லெண்ணெய்ப் போத்தலோடு. பத்து நிமிடம். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"முழுக்கத் தடவிப் பார்த்திட்டன். வீக்கம் ஒண்டும் இல்லை. குழந்தை மாதிரிக் கிடந்தான்."

"உள்ளுக்கு அம்மா. வீக்கம் வெளியிலை தெரியாது."

"நீ ஏன் அவனிலை எப்பவும் குற்றம் பிடிக்கிறாய்?"

கோயிலில் அவன் புட்போல் ஆடுவதாகத்தான் அம்மா சொல்லி வைத்திருக்கிறார். றக்பி என்றால் அடிபாடு என்று சனம் நினைக்குமாம்.

கேள்வி நியாயமானது. ஏன்? அவன் வீட்டின் செல்லம், நான் வீட்டின் கண். இத்தனை நாளில் அவனைப் பற்றிப் பயந்தது எவ்வளவு, நான் சொன்னது சரி என்று காட்ட விரும்பியது எவ்வளவு? பிரிக்க முடியவில்லை. விடிய எழும்பி அவன் கதவில் காது வைத்து மூச்சைக் கேட்டேன். அதிலும் இரண்டும் இருந்தன.

பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய என் செமினார்க் கட்டுரை: ஒரு வரியும் இல்லை.

ஏப்ரல் 25, வியாழன்.

ஜெரோமிடம் மறுபடி. இந்த முறை படத்தோடு.

நீண்ட நேரம் பார்த்தார். மறுக்கவில்லை. நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கஜனுக்குப் பதினாறு வயதில் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர்.

"அவன் நலம் என்கிறான். வயது வந்தவன்."

"நீல அட்டை அப்படிச் சொல்லவில்லை."

"நீ இதை வெளியே சொன்னால் பர்கண்டியில் வென்றது பறிபோகும். நாற்பது பேரின் ஒரு வருடம். அதுவும் அவனுக்குத் தெரியும், அவன் அதைத் தாங்க வேண்டும்." பிறகு, "உனக்கும் தெரிய வேண்டும்."

கடைசியில் ஒரு வாக்குறுதி: ஞாயிறு கஜன் வாங்கில் கூட இல்லை. கம்பிக்கு வெளியே, பார்வையாளனாக. கை நீட்டினார். கொடுத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் கஜனும் அதையே சொன்னான், கேட்காமலே. "ஞாயிறு நான் விளையாடேல்லை. அம்மாவாணை." அதே சொற்கள், அதே ஒழுங்கு. இரண்டு பேரும் சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

அல்லது உண்மை சொல்கிறவர்களும் ஒரே மாதிரிச் சொல்வார்களோ.

ஏப்ரல் 27, சனி. வெயில். கட்டடத்தில் இன்று துணி தோய்க்கும் முறை எங்களுக்கு.

நிலவறையில் எங்கள் தோய்ப்பு இயந்திரத்துக்குள், அவன் காற்சட்டைகளுக்கு நடுவில்: காஸ்க். சுத்தமாக. பார்வையாளனுக்கு எதற்கு?

எடுத்துக் காயப் போட்டேன். ஏன் காயப் போட்டேன் என்று தெரியவில்லை. மற்றத் துணிகளோடு கையும் சேர்ந்து போய்விட்டது.

கார்த்திக்குக்கு எழுதினேன்: நாளை கட்டாயம் வாங்கோ. பதில் ஒரு மணி நேரம் கழித்து. கோச் வர வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டார், ஆகவே வில் என்ற ஊரில் நண்பர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன், ரயிலில் இருக்கிறேன். "சாரிங்க. ஆல் தி பெஸ்ட்."

வில், நாட்டின் மற்ற முனை.

ஏப்ரல் 28, ஞாயிறு. குளிர். காலையில் மழை, பிறகு விட்டது.

ஆட்டம் 15.00. நான் 13.30க்கு. கம்பிக்கு வெளியே கஜன் நின்றான், ஜாக்கெட்டோடு, யாரோடோ கதைத்தபடி. கை காட்டினான். ஒரு கணம் வெட்கமாக இருந்தது, இத்தனை பக்கம் எழுதியதற்கு.

மேசையில் ஜெரோம் பெயர்களைச் சொன்னார், நான் டேப்லெட்டில் ஏற்றினேன். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.

"இருபத்திரண்டு, கார்த்திக்."

ஜன்னலால் பார்த்தேன். கம்பியடியில் யாரும் இல்லை.

ஜெரோம் என்னைப் பார்க்கவில்லை. "இருபத்திரண்டு," என்றார் மறுபடி, மெதுவாக. ஏற்றினேன். இதையும் எழுத வேண்டும்: ஏற்றினேன். டேப்லெட் ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

உடுப்பு மாற்றும் அறை. எல்லோரும் இலக்க வரிசையில், சுவரோடு. எண்ணெய்த் தைலம், ஈரச் சப்பாத்து. நடுவர் வயதானவர், கண்ணாடி மூக்கு நுனியில். நான் பக்கத்தில் நின்று படங்களைத் தள்ளினேன். எட்டு. பதினொன்று. பதினேழு. ஒவ்வொருவருக்கும் ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு. பதினேழாம் ஆளிடம், "முடி வெட்டிவிட்டாய்" என்று பகிடி விட்டார். அவ்வளவு கவனம்.

இருபத்திரண்டு. படத்தில் தாடி. நிமிர்ந்து பார்த்தார். காஸ்க், நாடிக்குக் கீழே இறுக்கிக் கட்டியபடி. தாடி இல்லாத நாடி.

"நல்லா விளையாடு, கார்த்திக்."

கஜன் தலையசைத்தான். கண் கூசுவது போல, மின்குமிழைப் பார்க்காமல், பக்கவாட்டில். மற்றவர்களுக்கு அது கூச்சம் போல இருந்திருக்கும்.

நான் இருபத்து மூன்றாம் படத்தைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை.

"இது கார்த்திக் இல்லை," என்றேன். பிரெஞ்சில், எழுத்துப் பிழை ஒன்றைச் சொல்வது போலத்தான் வந்தது. "இவன் என் தம்பி."

நடுவர் படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உறுதியாகத் தெரியுமா, மதாம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜெரோம், "இவளுக்கு ஏதோ குழப்பம்" என்று தொடங்கினார்.

"அக்கா, வேண்டாம்," என்றான் கஜன். தமிழில்.

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவருக்குச் சொல் விளங்கவில்லை, குரல் விளங்கியது. உண்மையான பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். தேடினார். கஜனின் படம் வந்தது, பக்கத்தில் நீலக் குறி, திகதி ஏப்ரல் 7. டேப்லெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜெரோமோடு தன் அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது.

இருபத்திரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். சப்பாத்து ஆணிகள் சீமெந்தில் உரசும் சத்தம். மூன்றாம் இலக்கம், எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் கொத்துரொட்டி சாப்பிட்டவன், நிலத்தில் துப்பினான்.

கஜன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சப்பாத்தையும் மாற்றவில்லை. நானும் போனேன். ஆட்டம் தொடங்கியதா, யாரோடு, என்ன முடிவு, தெரியாது. இதை எழுதும் வரை போனைத் திறக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம். இருவருக்கும் நடுவில் நாலு மீட்டர்.

"உனக்கு இப்ப சந்தோசமோ?" என்றான், ஒரு தரம்.

இல்லை என்றேன். நம்பவில்லை. நானும் அவனாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவன் முன் கதவால் ஏறினான். நான் பின் கதவால். கண்ணை மூடி, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து இருந்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் கை அசைகிறதா என்று பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு மூன்று நிறுத்தம் இருக்க, எழும்பினான். அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. இறங்கி, மேட்டுப் பாதையால், ஆணிச் சப்பாத்தோடு, திரும்பிப் பார்க்காமல்.

நானும் இறங்கினேன்.